முப்பத்தோராம் பக்கம்

திருவரலாற்றின் முப்பத்தோராம் பக்கத்தில்
ஒரு பந்தி:
"எண்பத்தைந்து முதல் தொண்ணூற்றொன்று வரை
நிசப்த சுவாமிகள் எங்கிருந்தார் என்பது
இறைவனுக்கே வெளிச்சம்.
இமயத்துக் குகையொன்றில் என்பார் சிலர்.
காற்றையே உண்டிருந்தார் என்பார் வேறு சிலர்."

காற்றைத்தான்.
ஹெர் ப்ரோயல்மானின் நிலவறைக் குசினியில்
மீனும் பழைய எண்ணெயும் மணந்த காற்று.
ஓமோம், நானும் உண்டேன்.

வுப்பர்டால்.
ஆற்றுக்கு மேலே ரயில் தொங்கிக்கொண்டு போகும் ஊர்.
முதல் நாள், ஏறமாட்டேன் என்று நின்றார்.
அப்போது 'நின்றான்'. சபாநேசன்.
"வௌவாலின்ர வயித்துக்குள்ள ஏறச் சொல்லுறியோ?"
ஆறு வருடமும் நடந்தே வேலைக்கு வந்தான்
பனிக்குள்ளும்,
என் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு.

பாதயாத்திரையின் மகிமை பற்றி
நூலில் தனி அத்தியாயம் உண்டு.
சப்பாத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

நாளுக்கு மூன்று மூட்டை உருளைக்கிழங்கு.
அவன் சீவினால் தோல் அறாது
ஒரே சுருளாய்க் காலடியில் விழும்.
அதில் ஒரு கர்வம் அவனுக்கு.
சீட்டாட்டத்தில் களவு.
எனக்குத் தரவேண்டிய நாற்பது மார்க்குக்கு
"நாளைக்கு" என்பான்.
மார்க் இப்போது உலகத்தில் இல்லை,
கடன் இருக்கிறது.

பேச்சென்றால் அப்படியொரு பேச்சு.
டொச் மொழி எங்களில் அவனுக்குத்தான் வரும்.
ப்ரோயல்மானின் மனைவியைச் சிரிக்க வைப்பான்,
தட்டுக் கழுவும் மெஷினை
அது பழுதாகும் போதெல்லாம்
தூய யாழ்ப்பாணத்தில் ஏசுவான்.

பிறகு எண்பத்தொன்பது மாசி, ஒரு செவ்வாய்.
பொலிஸ் படியிறங்கும் சத்தம்.
நானும் அவனும் இறைச்சி தொங்கும் குளிரறைக்குள்.
பூநகரித் திரவியம் மட்டும் வெளியே,
கையில் தும்புத்தடியோடு.
எங்கள் இருவரிடமும் கடதாசி இல்லை.
அவனிடம் இருந்தது,
முத்திரை குத்தி, புதுக்கி,
மேலே அறையில், கோட்டுக்குள்.
அதைச் சொல்ல அவனுக்கு மொழி இல்லை.

கதவுக்கு அப்பால் அவன் குரல்:
"மேல இருக்கு ஐயா, கோட்டுக்குள்ள இருக்கு."
பிறகு இன்னும் சத்தமாய்,
எங்கள் கதவைப் பார்த்து:
"சபா, சொல்லன்டா."

இரண்டு தரம்.

சபாநேசனின் வாய் திறந்தது,
புகை மட்டும் வந்தது.
என்னிடம் அன்று முப்பது டொச் சொற்கள்தான்.
ஓபன். மாண்டல். ப்ரீஃப்.
மேலே, கோட்டு, கடிதம்.
எண்ணிப் பார்த்தேன்,
அந்த மூன்றும் முப்பதுக்குள் இருந்தன.

கொழும்பில் இறக்கினார்கள் என்று கேள்வி.

அடுத்த நாள் சபாநேசன் வேலைக்கு வந்தான்.
சீவினான். பேசவில்லை.
தொண்டை நோவென்று நினைத்து
ப்ரோயல்மான் தேன் வாங்கிக் கொடுத்தார்.
வாரம் போனது, போத்தல் முடிந்தது.
இரண்டு வருடம் கழித்து
ஆளே காணாமற் போனான்.

இப்போது மூன்று கண்டங்களில் பதினேழு மண்டபங்கள்.
ஆயிரம் பேர் வாய் மூடி இருக்கையில்
பேரருள் இறங்குகிறதாம்.
இறங்கட்டும்.
என் வாயும் அன்று அதே அளவுதான் மூடியிருந்தது.
அதற்கு மண்டபம் கட்ட ஒருவரும் வரவில்லை.

போன மாதம் வந்தார்கள்,
வெள்ளை உடுப்பில் இரண்டு பொடியன்கள்,
விழா மலருக்குத் தகவல் தேடி.
மேசையில் கைபேசி, சிவப்புப் புள்ளி ஓடுகிறது.
"அய்யா, சுவாமிகளின்ர மௌனம்
எங்க தொடங்கினது?"
தேத்தண்ணி ஊற்றினேன்.
சீனி எத்தனை என்று கேட்டேன்.
மிச்ச நேரமெல்லாம்
என் பல் அறையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.
கும்பிட்டுப் போனார்கள்.
மலரில் வந்திருக்கிறது:
"அன்பர் எம் வினாவுக்கு
மௌனத்தாலேயே விடையளித்தார்."

சுவாமிகளுக்கு எழுதாமற் போனது ஆறு வருடம்.
திரவியத்துக்கு அந்தச் செவ்வாய்க்குப் பிறகு எல்லாம்.

கோட்டு என் அலுமாரியில் தொங்குகிறது.
உள்பையில் கடிதம்.
முத்திரை இன்னும் நீலம்.